மலைச் சைக்கிளுக்கு நான் தைத்த உறை

கண்டி,
2008 ஜூன்.

அன்பின் மருமகன் நவரட்ணராஜாவுக்கு மாமி எழுதிக்கொள்வது.

நீரும் றெஜினாவும் மெல்பேணில் தேகசுகத்தோடு இருக்கத் தேவமாதாவை மன்றாடுகிறேன். இங்கு என் முழங்காலைத் தவிர மற்ற யாவும் சுகம்.

போன லீவில் நீரே பாகம் பாகமாகப் பூட்டி, இங்கேயே விட்டுப்போன மலைச் சைக்கிளை அப்புறப்படுத்த உடனே ஒழுங்கு செய்யவும். ஏற்றம் வந்தால் கியர் தானாக மாறும், இருட்டினால் லைட் தானாக எரியும், கண்டி மேடுகளுக்கென்றே செய்தது என்றீர். நான் கேட்டேனா? மேல் அறையில் வாடகைக்கு இருக்கும் வரதராசா, அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர், மூச்சிரைக்க மேடு ஏறுகிறானே என்று இரங்கி அவனிடம் கொடுத்தேன். ஆனால் நடுவில் நீர் கட்டிய பெட்டியும் பற்றரியும், சிவப்பும் மஞ்சளுமாகத் தொங்கும் வயர்களும் என் வாசலால் வெளியே போகக்கூடிய கோலத்திலா இருந்தன? கன்னியாஸ்திரிகளிடம் தையல் படித்தவள் நான். கறுப்புத் துணியில் அளவெடுத்து உறை தைத்து, எல்லாவற்றையும் இறுக்கி மூடினேன். பார்க்க ஒரு மாதிரி இருக்கு அன்ரி என்றான். ரசனை இல்லாத பிள்ளை என்று விட்டுவிட்டேன்.

போன கிழமை ஒரு பின்னேரம் பக்கத்து வீட்டு றம்லத் ஓடிவந்து, சந்திச் சோதனைச் சாவடியில் வரதராசாவை முழங்காலில் இருத்தியிருக்கிறார்கள் என்றா. போய்ப் பார்த்தால் சைக்கிள் நடு றோட்டில தனிய நிக்குது, ஆமிக்காரர் மண்மூட்டைக்குப் பின்னால, பஸ்ஸெல்லாம் தூரத்தில. உறை போட்டதால உம்முடைய மெஷினுக்கு எந்நேரமும் இரவு. நாலு மணி வெயிலில லைட் எரியுது. போதாததுக்கு உறை இறுக்கி அமத்தினதில நிண்ட இடத்திலயே கியர் டிக், டிக் எண்டு மாறிப் பார்க்குது. அது கியர் எண்டு இவன் சொல்ல, ஓடாத சைக்கிளுக்கு என்ன கியர் எண்டு கோப்பிரல் கேட்டார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கொண்டுபோனால் எப்ப திரும்புவான் எண்டு அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து அந்தப் பொதியை வெடிவைத்துத் தகர்ப்பார்கள் என்றார் கோப்பிரல். நான் சிங்களத்தில் சொன்னேன்: "அது பொதியில்லை, என்ர தையல். நானே பிரிக்கிறன்."

கைப்பையில் இருந்த சின்னக் கத்தரிக்கோலோடு நடந்தேன். "அம்மே, வேண்டாம்" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். ஒவ்வொரு தையலாகப் பிரித்தேன். ஆமிக்காரர் கெதியாக, ஒரே வெட்டாக வெட்டட்டாம். துணி பழுதாகும் என்றேன். எல்லாம் வெளியே வந்ததும் லைட் அணைந்தது. கோப்பிரல் பெட்டியைத் திறந்து பார்த்து, பிறகு தானே சைக்கிளில் ஏறி மேடு வரை ஓடி, சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார். அதற்குப் பிறகுதான் வரதராசாவை எழும்பவிட்டார். அன்று அவன் சாப்பிடவில்லை.

ஆகவே அந்தச் சனியன் இனி என் வீட்டில் நிற்கக்கூடாது. இது என் முடிந்த முடிவு.

தேவமாதா உங்களிருவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாராக.

உமது மாமி,
கமலாசனி

பி.கு.: கறண்ட் போய்விட்டது. இதை விறாந்தையில் உமது சைக்கிள் லைட்டில்தான் எழுதினேன். பற்றரி மங்குகிறது, இன்னொன்று அனுப்பவும். வரதராசா அதில்தான் வேலைக்குப் போய்வருகிறான். சாவடியில் அவனிடம் இப்போது அடையாள அட்டை கேட்பதில்லை. கோப்பிரல் சைக்கிளை வாங்கி ஒரு சுற்று ஓடிவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறாராம். உள்ளே இருப்பது எல்லாருக்கும் தெரியும்படி, லேஸில் புது உறை வெட்டியாயிற்று.