சுமைதாங்கியை எடுத்துப் போக ஒரு லாரி வேண்டி

புவனகிரி,
புதன்கிழமை காலை.

பாசமுள்ள மச்சான் உத்திராபதிக்கு, உன் அக்கா வீட்டுக்காரன் திருநாவுக்கரசு எழுதிக்கொள்வது.

இங்கே நான், உன் அக்கா புஷ்பவள்ளி, மகன் செம்பியன், ஒன்பது மாதக் கர்ப்பிணியான மருமகள் இலக்கியா ஆகிய நாலு பேரும் சுகம். ஐந்தாவதாக ஒருத்தி இருக்கிறாள், அவள் சுகமா என்று எனக்குத் தெரியவில்லை. அவளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பெண்ணாடத்தில் உன் வீட்டில் எல்லோரும் சுகம் என்றே வைத்துக்கொள்கிறேன், விசாரிக்க நேரமில்லை.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். இந்த வீட்டில் போன் பேசினால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். வாட்ஸ்அப்பில் போட்டால் உன் பெண்டாட்டி சந்திரலேகா முதலில் படித்துவிட்டு உன் அக்காவுக்கே திருப்பி அனுப்பிவிடுவாள். அதனால் சிதம்பரம் பஸ் நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பராக இருந்த உரிமையில், பதினொன்றே கால் வண்டி கண்டக்டர் கொளஞ்சி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப் போடு.

எல்லாவற்றுக்கும் காரணம் நீதான். போன தீபாவளிக்கு வந்தபோது செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டி, "மாப்ள, இது மாதிரி நம்ம ஜில்லாவுல எவனாச்சும் ஓட்டுவானா?" என்று என் மகனை உசுப்பேத்திவிட்டுப் போனாய் அல்லவா? அவன் பெங்களூரில் ஒருத்தனிடம் ஸ்பெயின் மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பழசாக வாங்கி வந்துவிட்டான். இறக்கும்போது நான் கேட்ட முதல் கேள்வி, "சீட்டு எங்கடா? தனியா பார்சல்ல வருதா?" சீட்டே கிடையாதாம், நின்றுகொண்டே ஓட்ட வேண்டுமாம். சீட்டு உள்ள வண்டி மூன்று வாங்குகிற காசில் சீட்டு இல்லாத வண்டி ஒன்று! மைலேஜ் கேட்டால் சிரிக்கிறான், "அது போறதே முப்பது அடிதான்ப்பா" என்கிறான். விளையாட்டுக்குப் பெயர் டிரையல்ஸ். வேகமும் கிடையாது, ஒருத்தனை ஒருத்தன் முந்துவதும் கிடையாது. ரிப்பன் கட்டிய பாதையில் கல், பனங்கட்டை, பழைய லாரி டயர் எல்லாவற்றின் மேலும் வண்டியை ஏற்றி இறக்க வேண்டும், கால் மட்டும் ஊன்றக் கூடாது. ஒரு தரம் ஊன்றினால் ஒரு புள்ளி கெடுதல், விழுந்தால் ஐந்து. பூஜ்யம் வாங்குகிறவன்தான் கெட்டிக்காரன். பள்ளிக்கூடத்தில் அவன் சுலபமாக வாங்கியதை இங்கே வாங்க முடியாமல் தவித்தான்.

ஜெயித்தால் என்ன தருவார்கள் என்று விசாரித்தேன். ஒரு ஷீல்டு, ஒரு டின் என்ஜின் ஆயில். ஆனால் கிளட்ச் பிளேட் கப்பலில் வர வேண்டும், டயர் விமானத்தில் வர வேண்டும். நாடு பூராவும் இதை ஆடுகிறவர்களை ஒரு மினி பஸ்ஸில் ஏற்றிவிடலாம், அதனால் இங்கே எவனும் பாகம் செய்ய மாட்டான். பாகம் கிடைக்காததால் எவனும் புதிதாக ஆட வர மாட்டான். கரண்டில் ஓடுகிற வண்டி வந்துவிட்டது, கிளட்ச் செலவே இல்லை என்கிறார்கள். ஐப்பசி மாதத்தில் நம்ம ஊர் கரண்டை நம்பி எந்த முட்டாள் பாறை மேல் ஏறுவான்? என் அபிப்பிராயம், பழைய பெட்ரோல் வண்டிதான் தேவலை. சரி, அது கிடக்கட்டும். கால் ஊன்றுவதை எண்ண ஒரு நடுவர் வேண்டுமாம், பஸ் எண்ணியவனுக்குக் கால் எண்ணத் தெரியாதா என்று என்னைத் தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டான். நானும் ரெஜிஸ்டர் போட்டேன். நடுவர் கண்ணால் கண்டதைத்தான் எழுத வேண்டும், மனதில் நினைத்ததை எழுதக் கூடாது என்பது விதி.

இனிமேல்தான் விஷயம். நம்ம பக்கம் கல்லுக்கு எங்கே போவது? வெள்ளாற்றில் மணல்தான் இருக்கிறது. கடலூரில் கடற்கரைத் தடுப்புக் கல்லில் ஓட்டிப் பார்த்தான், கருவாடு காயப்போட்ட பெண்கள் துடைப்பத்தோடு துரத்திவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் குறிஞ்சிப்பாடி ரோட்டை அகலப்படுத்தினார்கள். பொக்லைன் ஓட்டுகிற லூர்துசாமி மூன்று நீளக் கருங்கல்லைப் பெயர்த்துப் பள்ளத்தில் போட்டிருந்தான். கேட்டேன். "சார், அது சுமைதாங்கிக் கல்லு. வயித்துப் புள்ளையோட செத்துப்போன பொம்பள ஞாபகத்துக்கு வைக்கிறது. அது எறக்கி வைக்காம போன சுமைய, போறவன் வர்றவன் தலச்சுமைய எறக்கி வச்சி ஆத்தணும்னு. நானே வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போறவன், இருந்தாலும் சூடம் ஏத்திட்டுத்தான் கை வச்சேன். வேணாம் சார்" என்றான். சாமியே இல்லை என்று முப்பது வருஷமாகப் பேசுகிற நான் ஒரு கல்லுக்கா பயப்படுவேன்? டிராக்டரில் ஏற்றச் சொன்னேன். தோட்டத்தில் இரண்டு கல்லைப் படுக்கப் போட்டு மேலே மூன்றாவதைக் குறுக்கே வைத்தோம். அந்தக் குறுக்குக் கல்லில் 'இருசம்மாள் ஞாபகார்த்தம்' என்று வெட்டியிருந்தது. எழுத்துள்ள பக்கம் அடியில் போகும்படி நானே நின்று கவிழ்க்க வைத்தேன். மச்சான், பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டுக்கு நான் எதைக் கொண்டுவந்தேன் என்று இன்று வரைக்கும் யாருக்கும் தெரியாது. எனக்கும் லூர்துசாமிக்கும் இப்போது உனக்கும்தான் தெரியும்.

முதல் நாளே செம்பியன் பனங்கட்டையில் மூன்று, டயரில் ஐந்து, அந்தக் கல்லில் மட்டும் பூஜ்யம். மறுநாளும் பூஜ்யம். பதினேழு நாள் ரெஜிஸ்டரைப் புரட்டிப் பார், அந்தக் கல்லில் ஒரு புள்ளிகூடப் போகவில்லை. "யாரோ கேரியரப் புடிச்சிகினு இருக்கிற மாதிரி இருக்குதுப்பா" என்றான் ஒரு நாள். அந்த வண்டியில் கேரியரே கிடையாது. அப்புறம் ஒரு நாள் உச்சி வெயிலில் கல் மேல் ஏறி நின்றவன் ஹேண்டில்பாரை விட்டுக் கையை எடுத்தான். வண்டி நின்றது. மெதுவாகக் கீழே இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டான். அப்போதும் நின்றது. ஸ்டாண்டு மடக்கியபடி இருக்கிறது, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, இரண்டே சக்கரத்தில் ஆடாமல் அசையாமல் நிற்கிறது. பின் சக்கரத்து ஸ்பிரிங் அமுங்கி அமுங்கி எழுகிறது, ஆள் மூச்சு வாங்குகிற மாதிரி. உன் அக்கா காப்பியோடு வந்து, "ஸ்டாண்டு போட்டியாடா?" என்றாள். "போட்டிருக்கான், போட்டிருக்கான்" என்று நான் சொன்னேன். செம்பியன் அது ஸ்பிரிங் கோளாறு என்று ஸ்பெயினிலிருந்து விமானத்தில் கெட்டியான ஸ்பிரிங் வரவழைத்துப் போட்டான். வேறு எங்கே ஏறினாலும் கல்லு மாதிரி இருக்கிற ஸ்பிரிங், அந்தக் கல்லில் மட்டும் அமுங்குகிறது. இதற்கு எந்தக் கம்பெனியிடம் போய் வாரண்டி கேட்பது?

இன்னொன்று. யார் தோட்டத்துக்கு வந்தாலும் கையில் இருப்பதைக் கொண்டுபோய் அந்தக் கல்லில் வைக்கிறார்கள். பால்காரர் கேனை வைக்கிறார், சிலிண்டர் கொண்டு வருகிறவர் வாசலை விட்டுச் சுற்றி வந்து சிலிண்டரை வைக்கிறார். ஏன் வைத்தீர்கள் என்றால் முழிக்கிறார்கள். இதெல்லாம்கூடப் போகட்டும். போன வெள்ளிக்கிழமை இலக்கியா துணி எடுத்துக்கொண்டு வந்து, "மாமா, கல்லுகிட்ட போனா யாரோ பின்னாடி நின்னு பெருமூச்சு விடுறாங்க" என்றாள். "அது வண்டி சைலன்சர் சூடு ஆறுகிற சத்தம்மா" என்றேன். வண்டி அன்றைக்கு வெல்டிங் வைக்கச் சிதம்பரம் போயிருந்தது. அது முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை மச்சான். பெறாமல் செத்தவள் ஒருத்தி, பெறப் போகிறவள் ஒருத்தி, இரண்டு பேரையும் ஒரே தோட்டத்தில் விட்டவன் நான். அந்தப் பெண்ணுக்கோ பிள்ளைக்கோ ஏதாவது ஒன்று ஆனால் நான் உயிரோடு இருந்து என்ன பிரயோசனம்?

வருகிற ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. அதற்கு முன்னால் உன் கரும்பு லாரியை எடுத்துக்கொண்டு ஆள் இரண்டு பேரோடு வா. உன் அக்காவும் இலக்கியாவும் வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் துணி எடுக்கச் சிதம்பரம் போகிறார்கள், ஒரு மணி வரைக்கும் வர மாட்டார்கள். மூன்று கல்லையும் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் நட்டுவிடு. அப்படியே செம்பியனிடம் பேசி அந்த வண்டியையும் விற்க வை. உன் பேச்சைத்தான் கேட்பான். சூடம் வாங்கி வா. எதற்கென்று கேட்காதே.

உனக்கும் சந்திரலேகாவுக்கும் பிள்ளைகளுக்கும் தீர்க்காயுசு உண்டாகட்டும். யார் உண்டாக்குவார் என்று என்னைக் கேட்காதே, இப்போதைக்கு அந்த விவாதத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் மாமா
திருநாவுக்கரசு

பின்குறிப்பு: மேலே எழுதியது எல்லாம் கேன்சல். லாரி வேண்டாம். பதினொன்றே கால் வண்டியை விட்டுவிட்டேன், என் வாழ்க்கையில் முதல் தடவை. இதை மூன்று மணி வண்டியில் அனுப்புகிறேன்.

கடிதத்தை மடிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கொடியில் கிடந்த துணியை எடுக்க இலக்கியா தோட்டத்துக்கு ஓடியிருக்கிறாள், நான் கவனிக்கவில்லை. அடுப்படியில் உன் அக்கா எனக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்போது தோட்டத்திலிருந்து குரல் கேட்டது: "போதும் அத்தை, விடுங்க, நான் நின்னுக்கிறேன்." உன் அக்கா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஓடினோம். இலக்கியா கல்லோரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். களிமண்ணில் கால் வழுக்கி, வயிறு நேரே கல் முனையில் மோத இருந்ததாம். பின்னாலிருந்து இடுப்பைச் சுற்றிப் பிடித்து நிமிர்த்தி விட்டார்களாம். "நீங்க இல்லியா அத்தை? கை ஜில்லுன்னு இருந்திச்சி. ஒரு வளையல்கூட இல்லாம மொட்டக் கை" என்றாள். உன் அக்கா கையில் எப்போதும் டஜன் வளையல் கிடக்கும், உனக்குத் தெரியும்.

நான் குனிந்து பார்த்தேன். ஈர மண்ணில் இலக்கியாவின் செருப்புத் தடம் சறுக்கிக்கொண்டு போயிருந்தது. அதற்குப் பின்னால் வெறுங்கால் தடம் இரண்டு, சின்னக் கால், குதிகால் மட்டும் ஆழமாக, நிறைமாதக்காரி ஊன்றியது மாதிரி. அந்தக் கால் வந்த தடமும் இல்லை, போன தடமும் இல்லை. கண்டதைத்தானே எழுத வேண்டும்? ரெஜிஸ்டரில் எழுதினேன்: கால் ஊன்றியது இரண்டு, கெடுதல் புள்ளி போடவில்லை.

அப்புறம் நனைந்துகொண்டே உன் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கல்லையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்தப் பொண்ணு பேரு என்னா?" என்று கேட்டாள். இருசம்மாள் என்றேன். "பாவம், அதுக்கு வளைகாப்பு போடுறதுக்குள்ளாற போயிருக்கும்ங்க" என்று சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன், மழையில் தெரியாது என்று தைரியமாகவே அழுதேன். செம்பியன் வந்ததும் கல்லைப் புரட்டி எழுத்தை மேலே வைக்கப் போகிறோம். வண்டியும் இருக்கட்டும்.

ஆகையால் நீ ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பஸ்ஸிலேயே வா. வரும்போது கண்ணாடி வளையல் இரண்டு பேருக்கு வாங்கி வா. இலக்கியாவுக்கு ரெண்டரை சைஸ். மற்றதற்கு அளவு தெரியாமல் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தேன். இந்த நிமிஷம் உன் அக்கா தோட்டத்துப் பக்கமிருந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று சொல்கிறாள்: "அதுக்கு ரெண்டேகால் போதுமாம். பச்சையா இருந்தா நல்லதாம்." யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. பச்சையாகவே வாங்கிவிடு.