மறுபக்கத்தில் இருந்த மழை

எனக்குக் குரல் நல்லது. இதை நானே சொல்லக்கூடாதுதான். ஆனால் நான் பட்ட அவமானத்துக்கு முழுக் காரணமும் அந்தக் குரல் என்பதால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குரல் நல்லதாக வாய்த்தவர்கள் தாங்கள் வாசிப்பதைத் தாங்களே ரசித்துக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். என்ன வாசிக்கிறோம் என்று கவனிக்க அவர்களுக்கு நேரம் இருக்காது.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. தர்மபுரத்துக்குக் கிட்ட ஒரு சின்ன விவசாய அலுவலகத்தில் பயிலுநராகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. படிவங்களை அடுக்குவதும் மேலதிகாரியான சேருக்குப் பிளேன்ரீ வாங்கி வருவதும்தான் வேலை. (வீட்டில் 'ஒஃபிசர்' என்றுதான் சொல்லி வைத்திருந்தேன்.) சித்திரையில் சிறுபோகக் கூட்டம் வந்தது. குளத்தில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது, எத்தனை ஏக்கர் விதைக்கலாம், வாய்க்காலை எப்போது திறப்பது என்றெல்லாம் ஊர் கூடி முடிவெடுக்கும் கூட்டம் அது. அதன் தொடக்கத்தில் அந்தக் கோடைக்கான காலநிலை எதிர்வுகூறலை வாசிப்பது வழக்கம். வாசிக்க வேண்டிய சேர் காய்ச்சலில் படுத்துவிட்டார்.

"மேசையில தாள் கிடக்கு. விளங்கி வாசியும்" என்று போனில் சொன்னார்.

வாசித்தேன். மூன்று நாள், எங்கள் வீட்டு அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று வாசித்துப் பழகினேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு வானொலி அறிவிப்பாளராக வர ஆசை. எந்த வானொலியும் கூப்பிடாததால் ஊர்ப் பொதுமண்டபத்தையே வானொலி நிலையமாக எடுத்துக்கொண்டேன். தாளில் இருந்ததை அழகான எழுத்தில் அப்பியாசக் கொப்பியில் எழுதினேன். எங்கள் பகுதிக்கு முதல் பக்கத்தின் அடியில் இரண்டே வரிதான் இருந்தது: மழை குறைவு, காற்று பலமாக வீசும். இதை வைத்துக்கொண்டு ஒரு நல்ல குரல் என்ன செய்ய முடியும்? நல்லவேளை, தாளின் மறுபக்கத்தில் இன்னும் ஒரு பக்கம் நிறைய இருந்தது. அதன் தலையில் சின்ன எழுத்தில் ஒரு தலைப்பு. தலைப்புகள் இடையில் வந்தால் வாசிப்பின் ஓட்டம் கெடும் என்று அதை எழுதாமல் விட்டேன்.

அந்தத் தலைப்பு, 'மலையகக் கிராமங்கள்'.

கூட்டத்தன்று வெள்ளைச் சேட்டைத் தோய்த்து மினுக்கிப் போட்டுக்கொண்டு போனேன். மண்டபம் நிறைய ஆட்கள். முன்வரிசையில் யோகம் மாமி. அப்பாவின் தங்கச்சி. மாமா இல்லாத பிறகு தனியாக இருந்து அரை ஏக்கர் மேட்டுக்காணியில் தோட்டம் செய்கிறவா. வயல்காரர்களின் கூட்டத்தில் அவாவுக்கு ஒரு வேலையும் இல்லை. குளத்துத் தண்ணீர் அந்தக் காணிக்கு ஏறாது. மருமகன் வாசிக்கிறான் என்று வந்திருந்தா.

தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன். முதலில் மழை குறைவு. பிறகு வைகாசி தொடக்கம் பிற்பகல் வேளைகளில் இடியுடன் கூடிய மழை. (முதலில் கஷ்டம், பிறகு நல்ல காலம். நல்ல கதைகள் அப்படித்தானே போகும் என்று நினைத்திருப்பேன் போல.) அதிகாலைகளில் பனிமூட்டம். பனிமூட்டத்தில் குரலைக் கொஞ்சம் தாழ்த்தினேன். சரிவான இடங்களில் வசிப்போர் மண்சரிவு குறித்து அவதானமாக இருத்தல் வேண்டும். அதில் குரலை உயர்த்தினேன்.

மண்டபம் அமைதியாகிவிட்டது. குரலில் மயங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். வயல்காரர்களின் கமக்காரர் அமைப்புக்குத் தலைவர் பொன்னையா அண்ணை மெல்ல எழும்பினார்.

"தம்பி, பனிமூட்டம் எண்டு சொன்னியள். ஆனி, ஆடியிலையோ?"

"ஓம் அண்ணை. காலநிலை இப்ப மாறிக்கொண்டு வருதுதானே."

"அது சரி. மண்சரிவு எண்டியள். எங்கட ஊரில சரியிறதுக்கு என்ன கிடக்கு?"

இந்த இடத்தில், தாளை ஒருக்காப் பார்க்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்றைக்கு இதை எழுத வேண்டி வந்திராது. எங்கள் ஊர் தோசைக்கல் போல் தட்டை. பிள்ளையார் கோயில் தேர்முட்டியில் ஏறி நின்றால்தான் அடுத்த தெரு தெரியும். ஆனால் வெள்ளைச் சேட் போட்டவன் தெரியாது என்று சொல்லலாமா?

"குளக்கட்டு" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. (வெளியே வாசலடியில் நின்று சிரித்தார்களாம். பிறகுதான் கேள்விப்பட்டேன்.) வயல்காரர்கள் நான் வாசித்ததை அப்படியே ஒரு பக்கம் வைத்துவிட்டு, குளத்துத் தண்ணீரைக் கணக்குப் பார்த்து, ஒவ்வொரு வருடமும் போல முடிவெடுத்துக்கொண்டு போனார்கள். யோகம் மாமி மட்டும் என் கையைப் பிடித்து, "றேடியோ மாதிரி இருந்தது" என்றா. அவாவின் கண் கலங்கியிருந்தது.

அடுத்த கிழமை ஒரு மழை பெய்தது. சித்திரையில் வழக்கமாக எட்டிப் பார்க்கிற மழைதான். ஆனால் நான் அதை என் சொந்த மழையாகவே எடுத்துக்கொண்டு, பொன்னையா அண்ணையின் வீட்டுப் பக்கமாக இரண்டு தரம் சைக்கிளில் போய் வந்தேன்.

சேர் காய்ச்சல் மாறி வந்தார். என் கொப்பியை வாங்கி நிதானமாக வாசித்தார். தாளை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை.

"இதில கீழ தேயிலைக் கொழுந்தைப் பற்றியும் கிடக்கு. அதை ஏன் விட்டனீர்?"

"அது... எங்கட ஆக்களுக்குத் தேவையில்லை எண்டு, சேர்."

"அவ்வளவுக்காவது விளங்கியிருக்கு" என்றார்.

தாளின் தலைப்பைக் காட்டினார். என் காது இரண்டும் சுட்டது. ஊர் சிரிக்கப் போகிறதே என்பதுதான் முதல் கவலை. (உண்மையைச் சொல்ல வேண்டும்.) மாமியின் நினைவு அதற்குப் பிறகுதான் வந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மாமி வேலிப் படலையடியில் நின்றா. பின்னால் அரை ஏக்கரும் கச்சான் கடலை முளை. வரிசை வரிசையாக, இரண்டு இரண்டு இலையாக, பச்சை. மாரி மழைக்கு விதைக்கவென்று எடுத்து வைத்திருந்த ஒரு மூடை விதைக் கச்சானையும் அந்த ஒரு மழை ஈரத்தோடு போட்டு முடித்திருந்தா. வேறு விதை அவாவிடம் இல்லை.

"பார், உன்ர மழைக்கு எப்பிடி வந்திருக்கு எண்டு."

சொல்லத்தான் போனேன். வாய் வரவில்லை. பக்கம் பக்கமாக முழங்கிய அதே வாய்.

"அலுவலகத்தில ஒரு பரிசோதனை செய்யச் சொன்னவை, மாமி. அடுத்த மழை வாற வரைக்கும் பின்னேரத்தில தண்ணி ஊத்திப் பாக்கட்டாம்" என்றேன்.

வைகாசியில் வறண்ட சோளகக் காற்று கிளம்பியது. அந்தக் காற்றைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொடியில் போட்ட ஈரச் சாரம் திரும்பிப் பார்ப்பதற்குள் காய்ந்துவிடும். மாமியின் கிணறு சேறாகிவிட்டது. அரைக் கட்டை தூரம் தள்ளி வயல் வாய்க்கால். சைக்கிளின் இரண்டு பக்கமும் இரண்டு தண்ணீர்க் கான் கட்டி, ஒவ்வொரு பின்னேரமும் பத்து நடை. அரை ஏக்கருக்கு இருபது கான் எந்த மூலைக்குக் காணும்? கிழமைக்குக் கிழமை வரிசைகள் மஞ்சளாகிக் கருகின. இதை விடுவோம், அதைக் காப்பாற்றுவோம் என்று பின்வாங்கிப் பின்வாங்கி, கடைசியில் கிணற்றடியில் எட்டு வரிசையில் வந்து நின்றேன்.

வாய்க்காலடியில் பொன்னையா அண்ணை தினமும் என்னைப் பார்ப்பார். ஒரு நாள் சைக்கிளை மறித்தார்.

"தம்பி, உங்கட மழை சைக்கிளிலயோ வருது?"

நான் குனிந்து ஒரு கானை நிரப்பினேன். அவர் மற்றக் கானை வாங்கி, தண்ணீரில் அமிழ்த்தி நிரப்பி, கட்டியும் விட்டார். பிறகு அதைப் பற்றிக் கதைக்கவே இல்லை.

ஆனி முடிகிற நேரம் ஒரு பின்னேரம் எனக்குத் தாங்கவில்லை. வெற்றுக் கானைக் கவிழ்த்து அதன்மேல் இருந்துகொண்டு சொன்னேன்.

"மாமி, அது எங்கட ஊர் மழை இல்லை. மலையகத்துக்கு எண்டு எழுதியிருந்ததை மாறி வாசிச்சுப் போட்டன்."

மாமி புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தா. நிமிரவில்லை.

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"நீ மண்சரிவு எண்டு வாசிக்கேக்கையே தெரியும். நான் என்ன, வெளியூரில இருந்து வந்தவளே?"

"பிறகேன் விதைச்சனீங்கள்?"

கையில் இருந்த புல்லின் மண்ணைத் தட்டினா. 

"எத்தினை வருசமா எத்தினை கூட்டத்துக்குப் போனனான். எத்தினை பேப்பர் வாசிச்சவை. எங்களுக்கு நல்லது வரும் எண்டு ஒருத்தரும் வாசிக்கேல்லையடா. நீதான் வாசிச்சனீ. அதுவும் அப்பிடி ஒரு குரலில. பொய்யெண்டு தெரிஞ்சும் ஒருக்கா நம்பிப் பாப்பம் எண்டு இருந்தது."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். (கண்ணில் தூசி விழுந்தது என்று அன்றைக்குச் சொன்னேன். அந்தக் காற்றில் அது நம்பக்கூடிய பொய்தான்.)

"எழும்பு. இந்த எட்டு வரிசையையும் விட்டிடாதை. விதைக்கு வேணும்" என்றா மாமி.

விடவில்லை. ஆடிக் கடைசியில் இருவருமாகப் பிடுங்கினோம். ஒரு மூடை போன இடத்தில் கால் மூடை வந்தது. ஒரு பிடியை மட்டும் அவித்து எனக்குத் தந்துவிட்டு மிச்சம் முழுவதையும் விதைக்கு எடுத்து வைத்தா. அந்த மாரியில் காணியின் ஒரு மூலையில் போட்டா. அடுத்த மாரியில் அரை ஏக்கரும் நிறைந்தது.

எங்கள் குடும்பம் இதை மறக்கவில்லை. என் கலியாண வீட்டில் நான் நாலு வார்த்தை நன்றி சொல்லி முடித்ததும், "மற்றப் பக்கத்தில ஒண்டும் இல்லையோ?" என்று சித்தப்பா கேட்டார், பந்தலே சிரித்தது. மகள் பள்ளிக்கூட அறிக்கையைக் கொண்டு வந்து நான் முகத்தைச் சுளித்தால், "மற்றப் பக்கத்தையும் பாருங்கோ அப்பா" என்கிறாள். நான் வாயைத் திறந்து மூடினால் வீட்டில் எவராவது இதைக் கேட்காமல் விடுவதில்லை.

இப்போது அந்த அலுவலகத்தில் நான்தான் சேர். ஒவ்வொரு சித்திரையிலும் நான்தான் வாசிக்கிறேன், தலைப்பை முதலில் வாசித்துவிட்டு. இந்த வருடமும் யோகம் மாமி பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து முன்வரிசைக் கதிரையில் இருந்தா. மழை குறைவு, காற்று பலமாக வீசும் என்று இரண்டு வரியை வாசித்து முடித்தேன்.

"மற்றப் பக்கத்தில ஒண்டும் இல்லையோ, தம்பி?" என்று மாமி கேட்டா.

மண்டபம் சிரித்தது. மாமி சிரிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தா. நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன்.