சாம்பிள் சாரும் நாற்பது புளியங்கொட்டையும்

கொடைக்கானலில் பனியைக்கூட நம்பாத ஒரே மனிதர் எங்கள் சாம்பிள் சார். நீட்டிய கை தெரியாத காலையில், "இன்னைக்குப் பனி ஜாஸ்தி சார்" என்று சொல்லிப் பாருங்கள். "எத்தன பேரக் கேட்ட?" என்பார்.

ஏதோ ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்தி ஓய்வுபெற்றவர். நான் ரிசப்ஷனில் இருக்கும் லாட்ஜுக்குக் கணக்கு எழுத வந்தார். இட்லி வெந்ததா என்று பார்க்க நாம் ஒன்றைப் பிட்டுப் பார்ப்போம். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஆறேழைப் பொறுக்கிப் பிட்டுவிடுவார். சமையல்கார ஸ்டெல்லாக்கா கரண்டியோடு விரட்ட, "சாம்பிள்மா, சாம்பிள்!" என்று கத்திக்கொண்டே ஓடுவார். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

ஒருநாள் முதலாளி குண்டைத் தூக்கிப் போட்டார். "வர்றதுல பாதிப் பேருக்கு மேல லாட்ஜ் சாப்பாடு வேணாங்கிறாங்க. சமையக்கட்ட மூடிட்டு சாக்லேட் கடைக்கு வாடகைக்கு விட்ருவோம்."

பள்ளங்கியிலிருந்து தினமும் வெள்ளனே பஸ் பிடித்து வரும் ஸ்டெல்லாக்காவின் வீட்டில் சம்பாதிப்பது அவர் ஒருவர்தான். அக்காவின் முகம் செத்துவிட்டது.

"சும்மா சொன்னா எப்படிங்க மொதலாளி? கேட்டுப் பாத்துருவோம்" என்று சார் குறுக்கே விழுந்தார்.

கேட்டார். எங்கே தெரியுமா? பழனி ரயிலடியிலிருந்து எங்கள் வேன் வந்து நிற்கும் வாசலில்! மலை வளைவுகளில் குடல் தொண்டைக்கு வந்து, கையில் பையோடு இறங்கும் ஜனத்திடம், "இங்க சாப்பிடுவீங்களா?" என்று கேட்டார். பாதிப் பேர் பதில் சொல்லாமல் ஓரமாக ஓடினார்கள். மீதிப் பேர், "சோத்துப் பேச்ச எடுக்காதய்யா" என்றார்கள். சார் அத்தனையையும் 'வேண்டாம்' என்று குறித்துக்கொண்டார். முதலாளிக்கு வாயெல்லாம் பல். ஸ்டெல்லாக்கா சாருக்குக் காபி தருவதை நிறுத்தினார். நான் பேச்சையே நிறுத்தினேன்.

அந்த வாரமே சார் பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு அதே வேனில் திரும்பினார். வழியெல்லாம் பஞ்சாமிர்தத்தை வழித்து நக்கியிருப்பார் போல. வெளிறிப்போய் இறங்கினார்.

"மீன்குழம்பு ரெடி சார்" என்றேன், வேண்டுமென்றே.

"அந்தப் பேச்ச எடுக்கா..." அப்படியே நின்றார். மொட்டைத் தலையில் பளீரென்று அடித்துக்கொண்டார். "ஏலே! வயித்தப் பெரட்டிக்கிட்டு வந்தவங்ககிட்டப் போயா சோத்தப் பத்திக் கேட்டேன்?"

மறுபடி தொடங்கினார். அறை எண்களைச் சீட்டெழுதி, குண்டானில் போட்டுக் குலுக்கி, வந்த அறையைக் காலையில் போய்த் தட்டினார். தேனிலவு ஜோடியைக்கூட விடவில்லை.

"வேற ரூமத் தட்டுங்க சார், பாவம்" என்றேன்.

"நமக்குத் தோதான ஆளாத் தேடிப் போனா அது சர்வே இல்லப்பா, சம்பந்தம் பேசுற சோலி!"

சில வாரங்களில் நாற்பது பேர் சேர்ந்தார்கள். முப்பத்தொரு பேர் சாப்பாடு வேண்டும் என்றிருந்தார்கள்.

"குருட்டாம்போக்குல வந்திருக்கும்யா" என்றார் முதலாளி.

"வருதான்னு நாமளே பாத்துருவோம்ங்க." நாற்பது புளியங்கொட்டை வாங்கி, தாயம் ஆடத் தேய்ப்பதுபோல் ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்தார். "பாதிக்குப் பாதின்னே வச்சுக்குவோம். வெள்ளைன்னா சாப்பாடு வேணும், கறுப்புன்னா வேணாம். முப்பத்தொண்ணு வெள்ளை விழுதான்னு உருட்டுங்க."

முதலாளி உருட்டினார். இருபதை ஒட்டியே விழுந்தது. நான் உருட்டினேன், வேன் டிரைவர் உருட்டினார், அன்று காலை மாட்டிய இன்னொரு தேனிலவு ஜோடியும் கோபம் தீர உருட்டியது. மத்தியானம் முழுக்க ரிசப்ஷன் சூதாட்டக் கூடமாகக் கிடந்தது. முப்பத்தொன்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"சரிய்யா, அடுப்பு எரியட்டும்" என்று முதலாளி வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார்.

"அப்ப ஜெயிச்சிட்டமா சார்?" ஸ்டெல்லாக்கா கண்ணைத் துடைத்தார்.

"அப்படி முழுசாச் சொல்ல முடியாதும்மா. தப்பா இருக்கவும் துளியூண்டு வாய்ப்பு கெடக்கு" என்றார் அந்தப் புண்ணியவான். கரண்டி பறந்தது.

சார் இப்போது ஆயக்குடியில் மகள் வீட்டில் இருந்துகொண்டு கொய்யா வியாபாரிகளின் உயிரை எடுக்கிறார். இங்கே அடுப்பு எரிகிறது. போன வாரம் போனில், "நீங்க இல்லாம லாட்ஜே நல்லால்ல சார்" என்றேன்.

"எத்தன பேரக் கேட்ட?"

"ஸ்டெல்லாக்காவ மட்டுந்தான்."

"ஒரு ஆளு பத்தாதுப்பா" என்றார்.

பத்தாவிட்டால் போகட்டும். எங்கள் இரண்டு பேருக்கும் நீங்கள் வேண்டும், சார்.