குருத்து வெளுத்த விவகாரம்

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம், மக்காச்சோளம் உட்பட. அங்கு நீங்களும் சம்பந்தியம்மாவும் நலமாகவும், உங்கள் இடுப்புவலி மட்டும் நலமின்றியும் இருக்க விரும்புகிறேன்.

இக்கடிதம் உங்கள் மகளைப் பற்றியது. பதற வேண்டாம், புகார் இல்லை, பெருமை. தலைமை எழுத்தராக ஓய்வு பெற்ற கையோடு நான் நிலம் வாங்கி மக்காச்சோளம் விதைத்தது நீங்கள் அறிந்ததே. முழங்கால் உயரம் வந்த பயிர் அதற்குமேல் வளர மாட்டேன் என்று அடம்பிடித்தது, குருத்திலைகள் வெள்ளையடித்ததுபோல் வெளுத்தன. பசி என்று நினைத்து யூரியா போட்டேன், அசையவில்லை. உரக்கடைக்காரர் சொன்னாரே என்று டி.ஏ.பி. உரத்தை அள்ளி வீசினேன், இன்னும் வெளுத்தது. பூச்சிமருந்து அடித்தேன், பூச்சி இருந்தால்தானே சாகும். கடைசியில், பக்கத்து நிலத்துக்காரர் அடித்த களைக்கொல்லிதான் காற்றில் வந்துவிட்டது என்று வேலியோரம் நின்று அவரிடம் நான் பேசிய பேச்சை எழுதினால் தபால்காரர் இக்கடிதத்தைத் தொட மாட்டார். சத்தம் கேட்டு உங்கள் மகள் வயலுக்குள் இறங்கிவிட்டாள்.

"மாமா, முதல்ல வெளுத்தது பழைய இலையா, புது இலையா?"

"இலைல என்னம்மா பழசு புதுசு?"

"அடியிலை மஞ்சளானா தழைச்சத்து பத்தல. இது குருத்துல வந்திருக்கு. நடு நரம்புக்கு ரெண்டு பக்கமும் வெள்ளைப் பட்டை பாருங்க. துத்தநாகம் பத்தல. நீங்க கொட்டின டி.ஏ.பி.ல இருக்கிற மணிச்சத்து, மண்ணுல இருந்த கொஞ்சத்தையும் செடி எடுக்க விடாம பண்ணிடுச்சு."

என் மனைவி உட்பட யாரும் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. குனிந்து குருத்தைப் பார்த்தேன், பட்டை இருந்தது. உங்கள் மகள் துத்தநாக சல்பேட்டையும், இலை கருகாமலிருக்க அதில் பாதியளவு நீர்த்த சுண்ணாம்பையும் தண்ணீரில் கலந்து, நாலே வரிசைக்கு மட்டும் தெளித்தாள். மீதிக்கு என்று கேட்டேன். "நான் சொல்றது சரியான்னு செடி சொல்லட்டும் மாமா" என்றாள். செடி சொல்லிவிட்டது. அடுத்து வந்த குருத்து கரும்பச்சை. பிறகு வயல் முழுக்கத் தெளித்தோம், இப்போது உள்ளே நின்றால் என் தலை தெரியாது. பக்கத்து நிலத்துக்காரரே வேலி தாண்டி வந்து, "உங்க மருமகளைக் கொஞ்சம் எங்க பக்கமும் பாக்கச் சொல்லுங்க" என்றார். நான் உடனே சம்மதிக்கவில்லை, கொஞ்சம் யோசிப்பதுபோல் நின்றேன். பெற்றவர் நீங்கள், நெஞ்சு நிமிர்த்தி நடப்பவன் நான். தவறாக எண்ண வேண்டாம்.

வெளியூர் மண் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறதே, அனுப்புவீர்களா என்று கேட்டிருந்தீர்கள். இது என்ன கேள்வி? நானே வண்டி ஏற்றிவிடுவேன். அவள் சொன்னதையெல்லாம் கரைத்துக் குடித்துவிட்டேன், இனி நிலத்தை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்வேன்.

உங்கள் வீட்டுச் செடிகொடி எல்லாம் அடியிலை முதல் குருத்துவரை பச்சையாக இருக்கட்டும்.

அன்புள்ள,
சம்பந்தி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒரு சிறு செய்தி. நேற்று காலை பீன்ஸ் பாத்தி லேசாக வெளுத்ததுபோல் தெரிந்தது. மருமகளை எதற்குத் தொந்தரவு செய்வானேன் என்று துத்தநாகத்தை நாலு மடங்காக, சுண்ணாம்பு இல்லாமல், நானே கலந்து அடித்தேன். இன்று பாத்தி முழுக்கத் தீய்ந்து நிற்கிறது. அவள் இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை. வேலையில் சேர்வதை ஒரு மகசூல் தள்ளிப்போட முடியுமா என்று, நீங்களாகவே கேட்பதுபோல் அவளிடம் கேட்டுப் பாருங்கள்.