என் வாசல் வேகத்தடை ஒழிந்த விவரம்

ஹொசகெரெ கிராமம், மண்டியா.

மகா கனம் பொருந்திய மைத்துனர் சிவலிங்கேகௌடா அவர்களின் சமூகத்துக்கு, சிக்கமாதேகௌடா கும்பிட்டு எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கை சௌடம்மாவும் எருமைகளும் நலம். தங்கள் நலமும் தங்கள் சாலை ஆபீசின் நலமும் அறிய ஆவல்.

ஜெயிச்சுட்டோம் மச்சான்! எதிர்வீட்டு நிங்கேகௌடா, தன் கோழிகள் வண்டியில் அடிபடுகின்றன என்று அழுது, சரியாக என் வாசலுக்கு நேராகப் போடவைத்தானே வேகத்தடை, அதை நேற்று உங்கள் ஆட்கள் பெயர்த்துவிட்டார்கள். அது இருந்தவரை நான் பட்டது நாய் படாத பாடு, பால் கேனோடு சைக்கிளில் ஏறி இறங்கினால் சொசைட்டிக்குப் பாதிப் பால், என் வேட்டிக்கு மீதி, பஸ்காரன் தடைக்குப் பயந்து ஓரத்து மண்ணில் இறங்கி என் வாசலை உரசிக்கொண்டு ஊர்வதால், நான் பல் தேய்க்கும்போது பஸ் ஜன்னலில் இருந்து, "கௌடரே, மீசையில நுரை!" என்று குரல், அதெல்லாம் போகட்டும், கொள்ளு? ஊரார் எல்லாரையும் போல நானும் கொள்ளுச் செடியை ரோட்டில் பரப்பினால், போகிற வண்டி ஏறி மிதித்து மணியைப் பிரித்துக் கொடுக்க வேண்டாமா? ஒவ்வொருத்தனும் தடையோடு என் கொள்ளையும் ஒதுக்கிவிட்டு ஓரமாகப் போனான். மழை வேறு மூடிக்கொண்டு வந்தது. நிங்கேகௌடா சிரித்தான்: "ஏன்யா, நீயே ஏறி மிதியேன், எடை பத்தாதா?" எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சௌடம்மா, "எங்கண்ணன்கிட்டச் சொல்லாம மீசைய முறுக்கிக்கிட்டே இருங்க" என்றாள். சொன்னேன், முடிந்தது!

தடை போன இடத்தில் தேங்காய் உடைத்து, நிங்கேகௌடாவுக்கும் ஒரு மூடி கொடுத்தனுப்பினேன். கொள்ளுச் செடியை ரோடு நிறையப் பரப்பிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பஸ் வரும் சத்தம் கேட்கிறது. இனி என் வாசலில் எவன் தடை போடுகிறான், பார்த்துவிடுகிறேன்!

மாதேஸ்வரசாமி தங்களுக்குச் சீக்கிரமே பதவி உயர்வு தரட்டும். சௌடம்மாவின் அண்ணிக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசி.

தங்கள்,
சிக்கமாதேகௌடா

பின்குறிப்பு: பஸ் வந்தது. கொள்ளு பிரிந்தது, அதில் குறையில்லை. ஆனால் அது வந்த வேகத்துக்கு மணியெல்லாம் பறந்து நிங்கேகௌடா வாசலில் போய் விழுந்தது. அவன் கோழிகள் ரோட்டைத் தாண்டாமலே வயிறு புடைக்கத் தின்கின்றன. "தடைய எடுத்த மகராசன் நல்லா இருக்கணும்" என்று அவன் என்னைக் கும்பிடுகிறான். இன்னும் பாதிக் கொள்ளு பாக்கி இருக்கிறது மச்சான். ஆட்களை உடனே மறுபடி அனுப்புங்கள். இந்த முறை தடையை, எவனும் ஒதுங்கிப் போக முடியாதபடி, ஓரத்து மண்ணையும் சேர்த்து அடைத்துப் போடட்டும். யார் கேட்டாலும், நிங்கேகௌடாவின் கோழிகளுக்காக என்று சொல்லுங்கள்.