மனோரமாவின் வீட்டுக்காரர்

"இந்தம்மா யாரு?" என்று பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா லட்சுமியம்மாள் கேட்டதும் ஞானம்பாள் தன் புருஷனைப் பார்த்தாள்.

கேட்டது மனோரமாவைப் பற்றி. செஞ்சிக் கடைத்தெருவில் வேர்க்கடலை மண்டி வைத்திருந்த வெங்கடரமணனுக்கு ஞானம்பாள் மூத்த சம்சாரம், மனோரமா இளைய சம்சாரம். பிள்ளையில்லாத ஞானம்பாள்தான் மனோரமாவிடம் போய், "உனக்கு இஷ்டமிருந்தா வா" என்று கேட்டாள். அவளும் இஷ்டப்பட்டே வந்தாள். மங்கையைப் பெற்று, "இந்தாக்கா, உன் பொண்ணு" என்று மடியில் போட்டாள். அந்த நன்றியை ஞானம்பாள் ஒருநாளும் மறந்ததில்லை. ஆனால் உள்ளதைச் சொல்லப்போய் மங்கைக்கு வந்த இரண்டு சம்பந்தம் ஏற்கெனவே தட்டிப்போயிருந்தது.

"என் தங்கச்சிங்க" என்றாள் ஞானம்பாள்.

"வீட்டுக்காரர் வரலியா?"

"பட்டாளத்துல இருக்காரு" என்று வெங்கடரமணன் முந்திக்கொண்டார்.

மாப்பிள்ளையின் அப்பா அரிகிருஷ்ணனோடு சித்தப்பா என்று வந்திருந்த வீராசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அட! நானும் பட்டாளத்துல இருந்தவன்தான். இன்னா ரெஜிமெண்ட்டு?"

ரெஜிமெண்ட்டைக் கண்டாரா வெங்கடரமணன்? "பாகிஸ்தான் சண்டையில செத்துட்டாருங்க" என்று ஒரே போடாகப் போட்டார்.

எல்லோரும் மனோரமாவைப் பார்த்தார்கள். தலை நிறைய மல்லிகை, நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம்.

"பின்ன இன்னா இந்தம்மா..." என்று லட்சுமியம்மாள் இழுத்தாள்.

வெங்கடரமணன் குரலைத் தாழ்த்தினார். "அவளுக்கு இன்னும் சொல்லலீங்க."

மனோரமா பக்கத்திலேயேதான் நின்றிருந்தாள். இதுவும் கைநழுவிப் போய்விடுமோ என்று பயந்து, குங்குமத்தை அழிக்கக் கையைத் தூக்கினாள். ஞானம்பாள் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாண்டி! இவரு எங்க ரெண்டு பேருக்கும் புருஷங்க. நான்தான் கேட்டேன், அவ சம்மதிச்சா, இவருக்கும் சம்மதம். மூணு பேரும் நல்லாத்தான் இருக்கிறோம். மங்கை இவ எனக்குக் குடுத்த பொண்ணு. புடிக்கலைன்னா காப்பியைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க."

லட்சுமியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அரிகிருஷ்ணன் வீராசாமியைப் பார்த்தார். வீராசாமி தரையைப் பார்த்தார்.

அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை கனகராஜ், அரிகிருஷ்ணனையும் வீராசாமியையும் காட்டி மெதுவாகக் கேட்டான்:

"அம்மா, அப்ப வீட்ல கூப்புடுற மாதிரி இங்கயும் இவங்க ரெண்டு பேரையும் நைனான்னே கூப்புடட்டுமா?"