ஒரு சீப்புப் பரிகாரம்

மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த வல்லத்துப் பெண் வீட்டாரின் வேன் தெருமுனையில் திரும்பி மறைந்துவிட்டது. பெண்ணின் தாய்மாமனுடைய மூக்குக்கண்ணாடி மட்டும் குரு வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேல் தங்கிவிட்டது. ஒரு குரங்கு அதைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டு ராஜகிரிக் கோட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"போச்சா?" என்றாள் அம்மா சுந்தராம்பாள்.

"போவட்டும்மா. கண்ணாடிய வாங்க எப்படியும் திரும்பி வந்துதானே ஆவணும்?"

குருவுக்கு எதிலும் இப்படி ஒரு தைரியம். பஜாரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். சாக்கடையில் விழுந்த போனைக் கொடுத்தாலும் "பத்து நிமிஷம்" என்பான். முப்பத்து நான்கு வயதாகியும் பெண் அமையாததை அவன் பெரிதாக நினைக்கவில்லை. எங்கோ ஒரு ஸ்க்ரூ லூஸ், முடுக்கினால் சரியாகிவிடும் என்பது அவன் கணக்கு.

முடுக்கிவிட்டவர் ஜெயராமன் ஜோசியர். கோட்டைக்குப் போகும் சாலையில் கடைசி வீடு அவருடையது. குரு முதன்முதலில் போனபோது, ஒரு கையில் ஜாதகமும் மறு கையில் தடியுமாக உட்கார்ந்திருந்தார். கூரையில் குரங்குகள் ஓடி, உடைந்த ஓட்டுத்தூள் ராசிக் கட்டத்தில் கொட்டியது. ஊதிவிட்டுப் பார்த்தார்.

"சனி புடிச்சிருக்குது தம்பி. சனிக்கெழமையானா கொரங்குக்கு ஒரு சீப்பு வாழப்பழம் வையி. கல்யாணம் தானா கூடி வரும்."

"அதுக்கு இன்னா சாமி? போற வழியில கோட்டை வாசல்லயே வச்சிட்றேன்."

"அங்க வைக்கவே கூடாது!" ஜோசியர் பதறிப்போனார். "உன் வீட்டு மாடியில, உன் கையால வைக்கணும். அப்பதான் பலன்."

முதல் சனிக்கிழமை மாடியில் வைத்த பழத்தைச் சீந்த ஆளில்லை. குரு அசரவில்லை. அடுத்த சனிக்கிழமை ஜோசியர் வீட்டு வாசலில் தொடங்கித் தன் வீட்டு மாடிப்படி வரைக்கும் வழியெல்லாம் பழத்தைப் போட்டுக்கொண்டே வந்தான். கூட்டம் பின்னாலேயே வந்து சேர்ந்தது. வந்த குரங்குகளுக்கு இடம் பிடித்துப்போயிற்று. அவற்றுக்குக் கிழமை தெரியாததால் தினமும் வந்தன.

பக்கத்து வீட்டு ஷரீஃபுன்னிசா வாசலில் வந்து நின்று கத்தினாள்.

"கொழாயத் தொறந்தா வாழப்பழத் தோலு வருது குரு! டேங்க்ல எறங்கிக் குளிக்குதுடா. மலையில எலையையும் காயையும் தின்னுட்டு அதுபாட்டுக்குக் கெடந்துச்சு. நீ பழத்தக் குடுத்து ரவுடியாக்கிட்ட!"

"பரிகாரம்க்கா. கல்யாணம் முடிஞ்சதும் நிறுத்திடுவேன்."

"உன் வீட்டுக்கு எந்தப் பொண்ணு வீட்டுக்காரன் வந்து உக்காருவான்?"

இப்போது வல்லத்துக்காரர்களும் ஓடிவிட்டார்கள். குரு ஜோசியருக்குப் போன் போட்டான்.

"சனி போற நேரத்துல ஒதச்சிட்டுத்தான் போவும்," என்றார் அவர் நிதானமாக. "செவ்வாக்கெழமையும் சேத்துக்க. வேர்க்கடலையும் வையி. எடத்த மட்டும் மாத்திடாத."

குரு மாற்றவில்லை. செவ்வாயோடு வேர்க்கடலையும் சேர்ந்ததும், பக்கத்து மலையில் இருந்த கூட்டமும் குட்டிகளோடு குடிவந்தது.

இதற்கிடையில் அவலூர்பேட்டை மஞ்சுவின் ஜாதகம் பொருந்தியது. ஜவுளிக்கடையில் வேலை. போனில் பேசிய முதல் நாளே அவனுடைய ஜோக்குக்குச் சிரித்தாள். இதுவரை அப்படிச் சிரித்தவர் யாருமில்லை. அன்றிலிருந்து ஒருவர் போனுக்குப் போட வேண்டிய டிஸ்ப்ளேயை இன்னொருவர் போனில் மாட்டும் அளவுக்குக் குரு விழுந்துவிட்டான்.

"வீட்டப் பாத்துட்டு நைனா சரின்னா, எனக்கும் சரிங்க," என்றாள் மஞ்சு.

குரு ஒரு திட்டம் போட்டான். வயிறு முட்டத் தின்றால் மனுஷனே தூங்கிவிடுகிறான், குரங்கு தூங்காதா? அவர்கள் வரும் நாளன்று விடிந்ததும் ஒரு தார் பழம், ஒரு மூட்டை கடலை, பேக்கரியிலிருந்து பன் எல்லாம் கொண்டுவந்து கொட்டினான்.

குரங்குகள் தின்றன. தூங்கவும் செய்தன. ஆனால் மாடியில் இல்லை, வந்தவர்களுக்காகப் போட்டிருந்த நாற்காலிகளில்.

மஞ்சுவின் அப்பா அரிகிருஷ்ணன் பூவும் பழமும் இருந்த பையோடு காரிலிருந்து இறங்கினார். தாட்டியான கடுவன் குரங்கு ஒன்று எழுந்து போய், பழகிய தோரணையில் அவர் முன்னால் கையை நீட்டியது. அவர் பையைப் பின்னுக்கு இழுத்தார். அது முன்னுக்கு இழுத்தது. பை கிழிந்ததோடு அவர் முழங்கையும் கிழிந்தது. மாப்பிள்ளை வீட்டில் காபி குடிக்க வந்தவர் பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு ஊர் திரும்பினார்.

சாயங்காலம் மஞ்சு கூப்பிட்டாள். அவள் சிரிக்கவில்லை.

"கொரங்கத் திட்டாதீங்க. பை வச்சிருந்தா தீனி போடுவாங்கன்னு அது நெனச்சிடுச்சு. அப்படிப் பழக்கினது யாரு?"

குரு காலிக் கடலைச் சாக்கைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினான்.

"அதுங்க மலைக்குத் திரும்பிப் போனப்புறம் சொல்லுங்க. நைனா கிட்ட நான் பேசறேன்," என்று வைத்துவிட்டாள்.

அவ்வளவு போதும் அவனுக்கு. மறுநாள் காலை, பரிகாரத்தை நிறுத்த என்ன பரிகாரம் என்று கேட்க ஜோசியர் வீட்டுக்குப் போனான்.

வீடு மாறியிருந்தது. கூரையில் புது ஓடு. ஜன்னல்கள் விரியத் திறந்திருந்தன. தடி மூலையில் ஒட்டடை படிந்து கிடந்தது. வாசலில் புடவை விரித்து, காவலுக்கு ஆளே இல்லாமல் வடகம் காய்ந்துகொண்டிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு குரங்கில்லை.

ஜோசியரின் மனைவி செல்லம்மாள் எட்டிப் பார்த்தாள். "அவரு வெளியூரு போயிருக்காரே. நீங்க யாரு தம்பி?"

"குருங்க. பஜார்ல செல்போன் கடை. கொரங்குக்குப் பழம் வைக்கச் சொல்லியிருந்தாரு..."

செல்லம்மாளின் முகம் மலர்ந்தது. உள்ளே ஓடி, ஒரு பை நிறைய வடகம் கொண்டுவந்து அவன் கையில் திணித்தாள்.

"நீங்கதானா அந்தப் புண்ணியவான்! வர்றவங்களுக்கெல்லாம் இந்தப் பரிகாரத்தத்தான் சொல்லிப் பாத்தாரு, ஒருத்தராவது கொரங்க இங்கருந்து கூட்டினு போவல. நீங்க வந்தப்புறம்தான் தம்பி எங்களப் புடிச்ச சனி விட்டுச்சு!"